வெளியாளுக்கு மட்டும் படி

காஜாக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சட்டைக் கம்பெனியில் சேர்ந்த வருடமே அது காணாமல் போய்விட்டது. சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். அந்தத் துளையை வெட்டி ஓரம் தைக்கிற மேசையில் அவள் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். ஊரில் பாதி ஆண்கள் நெஞ்சை மூடிக்கொண்டு நடமாடுவது அவள் தயவில்தான் என்று மேஸ்திரி அடிக்கடி சொல்வார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவள் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லாரிக்காரர். போர் நடந்த வருடம் அவர் ஒரு லாரி நிறையப் போர்வைகளை மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேருவதற்குள் போர் முடிந்துவிட்டது. போர்வைகளோடு அப்படியே திரும்பி வந்தார். இந்தக் கதையை அவர் சொல்லக் கேட்டவர்களுக்கு, எதிரிப் படையே அந்த லாரியைப் பார்த்துத்தான் பின்வாங்கியது போலத் தோன்றும். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் வீடு முகாமாகிவிடும். செருப்பு வரிசையாக இருக்க வேண்டும், டீ சூடாக இருக்க வேண்டும், மனைவி கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே மகள் கல்யாணம் முடிந்ததும் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். முடிந்தவரை தூரமான ஊராகப் பார்த்தே மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தாள் என்று காஜாக்காவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஓய்வுபெற்று வந்து வீட்டிலேயே அதிகாரம் செய்துகொண்டிருந்த லாரிக்காரருக்கு ஒரு நாள் பல் துலக்கும்போது பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் தப்பித்தது. டாக்டர் அதை நல்ல செய்தியாகச் சொன்னார்.

அதற்கப்புறம் அவரை எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள்தான். அவர் படுத்தபடியே உத்தரவு போடுவார். தண்ணீர் கொதிக்கிறது, துண்டு குத்துகிறது, ஸ்பூன் பெரிதாக இருக்கிறது. மகள் வாரம் ஒருமுறை போன் செய்து, அப்பாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவாள். வேறு யாரும் அவளிடம் அதைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. காஜாக்காவின் இடுப்பு மட்டும் அவ்வப்போது எதிர்ப்புத் தெரிவித்தது.

வருடத்துக்கு ஒருமுறை, கணவர் உயிரோடிருக்கிறார் என்று சான்று கொடுக்க அவள் பென்ஷன் ஆபீசுக்குப் போவாள். அந்த வருடம் அங்கே சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பழைய சிப்பாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் கை வைத்தபடி ஒரு இளம்பெண், இஸ்திரி கலையாத சீருடையில். உங்கள் தியாகத்தை நாங்கள் மறக்கவில்லை என்று கீழே பெரிய எழுத்தில் இருந்தது. தானாக எழவோ குளிக்கவோ முடியாத முன்னாள் படைவீரர்களுக்குப் பென்ஷனோடு பராமரிப்புப் படியும் உண்டாம். காஜாக்கா கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் விசாரித்தாள். குமாஸ்தா பொறுமையாகத்தான் கேட்டார். எழ முடியுமா, முடியாது. குளிக்க முடியுமா, முடியாது. சாப்பிட? ஊட்டினால் உண்டு. எல்லாம் சரியாகப் பொருந்தி வந்ததில் இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி.

“யாரு பாத்துக்கறாங்க?”

“நான்தான்.”

“நீங்க யாரு?”

“அவர் பொண்டாட்டி.”

குமாஸ்தா பேனாவை மூடிவிட்டார். “பொண்டாட்டி பாத்துக்கறது பராமரிப்புல வராதும்மா. அது குடும்பம். பதிவு பண்ண ஏஜென்சிலருந்து வெளியாள் வந்து பாத்தாத்தான் படி.”

“நான் பாத்துக்காம விட்டுட்டா?”

“அப்ப கெடைக்கும்,” என்றார் அவர்.

அவர் கெட்டவர் இல்லை. விதியில் இருந்ததைச் சொன்னார். விதியை எழுதிய பெரிய மனிதருக்கும் வீட்டில் ஒரு மனைவி இருந்திருப்பாள். அவள் செய்வதற்கெல்லாம் விலை போட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பயந்துபோய் அந்த வரியைச் சேர்த்திருப்பார்.

வெளியே பெஞ்சில் ஒரு பெருத்த அம்மாள் உட்கார்ந்து தன் செருப்பு வாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளே அதே பதில்தான் கிடைத்திருந்தது. அவள் கணவர் ராணுவத்தின் துணிமணிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர், ஸ்டோர்காரர். உடம்பு கல் மாதிரி இருந்தது, ஞாபகம்தான் கரைந்து, தானாகக் குளிக்கக்கூடத் தெரியாமல் போய்விட்டது. அடுப்பைத் திறந்து விடுவார், வாசலைத் திறந்து கிளம்பிவிடுவார், ஒரு நிமிடம் தனியாக விட முடியாது. இப்போதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். இருவரும் அவரவர் கணவரைப் பற்றி மனம் விட்டுத் திட்டிக்கொண்டார்கள். காஜாக்காவுக்குப் பல வருடங்களில் கிடைத்த முதல் நல்ல பேச்சு அது. எழுந்திருக்கும்போது அந்த அம்மாள், ஸ்டோரம்மா, திடீரென்று அவள் கையைப் பிடித்தாள்.

“அக்கா, எனக்கு நீங்க வெளியாளு. உங்களுக்கு நான் வெளியாளு.”

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஏஜென்சியை ஒருவர் நடத்திவந்தார். முன்பு அதே கடையில் நாற்காலி வாடகைக்கு விட்டவர். படி வந்த பிறகு கழுத்தில் ஒரு டை கட்டிக்கொண்டு மனித சேவையில் இறங்கிவிட்டார். இரண்டு வயதான பெண்கள் வந்து, எங்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கான நோயாளிகளையும் நாங்களே கொண்டுவந்திருக்கிறோம் என்றதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படியில் மூன்றில் ஒரு பங்கு ஏஜென்சிக்கு. நடுவில் ஒருவர் கை நனைத்தால்தான் அரசாங்கத்துக்கு அது பராமரிப்பு என்று நம்பிக்கை வரும்.

வேலைக்கு முன்னால் பயிற்சி. ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்துக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். காஜாக்கா முதல் நாளே தேறாமல் போகப் பார்த்தாள். கை பழக்கம்தான், வாயும் பழக்கம். பொம்மையைப் புரட்டும்போது, உடம்பை இப்படி விறைப்பாக வைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது, சனியனே, என்று கேட்டுவிட்டாள். நோயாளியைத் திட்டக் கூடாது, செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று பயிற்சி கொடுத்த பெண் திருத்தினாள். அது நியாயமாகத்தான் பட்டது. கையுறை போடுவதும், இடுப்பு நோகாமல் ஆளைத் தூக்கும் விதமும் உண்மையிலேயே புதிதாக இருந்தன. ஆனால் அவளை அசர வைத்தது கடைசி நாள் பாடம். பராமரிப்பாளர் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டுமாம். அது அவருடைய உரிமையாம். காஜாக்காவும் ஸ்டோரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடக்க முடியாமல் சிரித்ததில் இருவரையும் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

நீல நிறக் கோட்டும் பெயர் அட்டையும் கொடுத்தார்கள். கோட்டின் காஜாக்கள் கேவலமாக இருந்தன. அவள் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்த பிறகுதான் போட்டுக்கொண்டாள்.

இப்படியாக, ஒவ்வொரு காலையும் இரண்டு மனைவிகள் தங்கள் கணவர்களை விட்டுவிட்டு அடுத்தவர் கணவரைப் பார்த்துக்கொள்ளப் புறப்பட்டார்கள். எதிரெதிர்ப் பஸ்களில் போவார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்கள் ஒன்றையொன்று கடக்கும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொள்வார்கள். பஸ்ஸில் போய் வரும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்தான் ஸ்டோர்காரருக்குக் காவல். பஸ் கட்டணம் அவரவர் கையிலிருந்து.

ஸ்டோர்காரர் காஜாக்காவைப் பார்த்ததும், படையில் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று முடிவுகட்டிவிட்டார். கிடங்கு திறந்திருக்கிறது, வரிசையில் வாங்க என்றார். வரிசையில் அவள் ஒருத்திதான். அளவு கேட்டார். அலமாரியைத் திறந்து அவர் மனைவியின் துண்டு ஒன்று, இரண்டு ஜோடிக் காலுறை, ஒரு தலையணை உறை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். குளிர் அதிகமாக இருக்கும், பத்திரமாக வைத்துக்கோங்க என்று ரகசியம் போலச் சொன்னார். சாயங்காலம் கிளம்பும்போது எல்லாவற்றையும் அலமாரியில் திரும்ப வைத்துவிடுவாள். மறுநாள் அவர் மறுபடியும் கொடுப்பார். அவளுக்கு வாழ்நாளில் யாரும் இவ்வளவு பொருள் கொடுத்ததில்லை. காலுறை என்றாலும் கொடுக்கிற முகம் என்று ஒன்று இருக்கிறதே.

இதெல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சம்பளம் வாங்கப் போன இடத்தில் ஸ்டோரம்மா, உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் அக்கா என்று ஆரம்பித்தாள். காஜாக்கா வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தாள். இல்லை, லாரிக்காரரைத்தான். தண்ணீர் எப்படி இருந்தாலும் சரியாக இருக்கிறது என்கிறாராம். குளிப்பாட்டி முடித்தால் நன்றி சொல்கிறாராம். மதியம் தனக்கு ஊட்டுவதற்கு முன்னால், நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாராம்.

காஜாக்காவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டுக்குப் போனவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே நின்று கேட்டாள்.

“என்னை ஒரு நாளாவது சாப்ட்டியான்னு கேட்டிருக்கீங்களா?”

லாரிக்காரருக்குக் கேள்வியே விளங்கவில்லை. “அவங்க வெளியாளு. மரியாதை வேண்டாமா?” என்றார்.

அவர் மழுப்பவில்லை, கேலி செய்யவும் இல்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொன்ன மாதிரி சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டாள். பெயர் அட்டையை நேராக்கினாள். பயிற்சியில் சொன்னபடி, “சார், இப்ப உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன்,” என்றாள்.

“சரிங்க,” என்று சொல்லிவிட்டார் லாரிக்காரர். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அன்றிலிருந்து சாயங்காலமும் கோட்டு கழலவில்லை. சார் என்று கூப்பிட்டால் அவர் வாயில் உத்தரவு வருவதில்லை. நடிக்கிறாள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நீலக் கோட்டைக் கண்டால் நாக்கு தானாக மடங்கிக்கொண்டது. ராணுவத்தில் பழகிய உடம்பு அல்லவா, சீருடைக்குக் கட்டுப்படும். மகள் போனில் இதைக் கேள்விப்பட்டு, அப்பா பாவம்மா என்றாள். பாவம்தான் என்று காஜாக்காவும் ஒத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்து, படி சரியான ஆளுக்குத்தான் போகிறதா என்று பார்க்க ஒரு சோதனை அதிகாரி வந்தார். ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி முதலில் லாரிக்காரர் வீட்டுக்குப் போனார். ஸ்டோரம்மா கையுறையோடு நின்றாள், எல்லாம் விதிப்படி. மனைவி எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார் லாரிக்காரர். அடுத்து ஸ்டோர்காரர் வீடு. அங்கே காஜாக்கா கையுறையோடு நின்றாள். ஸ்டோர்காரர் அதிகாரியின் ஹெல்மெட்டைப் பார்த்ததும் அது கிடங்குச் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதை மீட்கும் போராட்டத்தில் காஜாக்காவின் பெயர் அட்டை அதிகாரியின் கண்ணில் பட்டது. அதிலிருந்த விலாசம் சற்று முன் பார்த்த வீட்டின் விலாசம். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இதுல தப்பு ஒண்ணுமே இல்லம்மா,” என்றார் கடைசியில், வருத்தமாக.

ஆமாம் என்றாள் காஜாக்கா. அதிகாரி, விதி தன் கண்ணெதிரே இப்படிக் கேலிக்கூத்தானதைத் தாங்க முடியாமல், மேலதிகாரிக்கு விவரமாக எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டோடு போனார். மேலே எழுதியது மேலேயே கொஞ்ச காலம் கிடந்தது.

அதற்குள் ஸ்டோர்காரர் இறந்துபோனார். மதியச் சாப்பாடு முடிந்து, கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். காஜாக்காவிடம் பூட்ஸ் அளவு கேட்டார். அவள் சொன்னாள். அந்த அளவு கையிருப்பில் இல்லை, நாளைக்கு வாங்க என்றார். சொன்னவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவள் கன்னத்தைத் தட்டினாள், மூச்சைப் பார்த்தாள், பக்கத்து வீட்டை அழைத்தாள், ஸ்டோரம்மாவுக்குப் போன் செய்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனைப் பைக்குள் வைக்க வேண்டும் என்பது ஏஜென்சி விதி. ஸ்டோரம்மா அந்த நேரம் லாரிக்காரரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் கணவர் சாகும்போது மனைவி எங்கே இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதோ அங்கே இருந்தாள்.

போனைப் பார்த்துவிட்டு அவள் வந்து சேர்ந்தபோது காஜாக்கா அவரைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டி வைத்திருந்தாள். ஸ்டோரம்மா வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றத் தோன்றவில்லை.

“கடைசியா என்ன சொன்னார்?”

காஜாக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. “பூட்ஸ் இல்லையாம். நாளைக்கு வரச் சொன்னார்.”

ஸ்டோரம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. காஜாக்காவும் அவள் அருகில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் கோட்டோடுதான் இருந்தார்கள்.

மாதக் கடைசியில் ஏஜென்சி முதலாளி காஜாக்காவுக்கு ஸ்டோர்காரர் இறந்த தினத்துக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்திருந்தார். நோயாளி மதியமே போய்விட்டார், உயிரோடு இருக்கிற நேரத்துக்குத்தான் படி வருகிறது, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். ஸ்டோரம்மாவும் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் துக்கத்தில் வராத நாட்களுக்குப் பிடித்திருந்தது.

காஜாக்கா குரலை உயர்த்தவில்லை. “செத்தப்புறமும் குளிப்பாட்டி உடுத்திவிட்டேன். அதுக்கு உங்ககிட்ட ரேட்டு என்னங்க?”

காத்திருந்த மற்ற பெண்கள் எல்லோரும் டை கட்டியவரையே பார்த்தார்கள். அவர் டையைத் தளர்த்திக்கொண்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். இரண்டு பேருக்கும் பிடித்ததைத் திரும்பக் கொடுத்தார். மனிதாபிமானத்தின் பேரில் என்று சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

சோதனை அதிகாரி மேலே எழுதியதற்குப் பலன் அதற்கப்புறம்தான் இறங்கி வந்தது. புதிய உத்தரவு. இனிமேல் மனைவி பார்த்துக்கொண்டாலும் படி உண்டு. ஆனால் பாதிதான். மனைவியிடம் பாசம் ஏற்கெனவே இருப்பதால் செலவு குறைவு என்று காரணமும் போட்டிருந்தது. பென்ஷன் ஆபீசில் இதற்கு ஒரு சின்ன விழா எடுத்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து, வீரர்களின் மனைவியர் செய்யும் விலைமதிப்பற்ற சேவையைப் பற்றி நீளமாகப் பேசினார். விலைமதிப்பற்றது என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் காஜாக்கா ஸ்டோரம்மாவின் தொடையில் கிள்ளினாள்.

லாரிக்காரர் மட்டும் உத்தரவைக் கேட்டு மகிழ்ந்துபோனார். அவள் காலையில் கிளம்பும்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இனி நீயே வீட்டில் இருக்கலாமே, அதுதான் படி கொடுக்கிறார்களே என்றார்.

“பாதிதான் குடுக்கறாங்க. நீங்க அதுவும் குடுத்ததில்ல,” என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஸ்டோரம்மா லாரிக்காரரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை விடவில்லை. தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட லாரிக்காரரின் போர்வைக் கதை பரவாயில்லை என்றாள். கதை சொல்லி முடித்ததும், அப்ப நீங்க சண்டையே போடலையா என்று வெள்ளந்தியாகக் கேட்பாளாம்.

காஜாக்காவை ஏஜென்சி ஏற்கெனவே வேறு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இந்த முறை முன்னாள் படைவீரர் ஒரு பெண். ராணுவத்தில் டெலிபோன் இணைப்புக் கொடுத்தவர். இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருந்தார். போனை முதல் மணியிலேயே எடுப்பவர் மாதிரி, கூப்பிட்டதும் பேச ஆரம்பித்துவிடுவார், நல்ல கணீர்க் குரல். அந்த வீட்டில் கணவரும் இருந்தார். காஜாக்காவைவிட வயதில் சிறியவர், திடகாத்திரமானவர், காலையும் மாலையும் நடைப்பயிற்சி போகிறவர். அவர் இருக்கும்போது படி எப்படி முழுசாக வருகிறது என்று காஜாக்காவுக்கு ஒரே ஆச்சரியம். அவள் பென்ஷன் ஆபீசுக்கே போய்க் கேட்டுவிட்டாள். அதே குமாஸ்தாதான் பதில் சொன்னார். அவர் ஆம்பளைம்மா, பாவம், அவருக்கு என்ன தெரியும், அதனால் விதியில் அவரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்றார்.

மறுநாள் காலை அந்தக் கணவர் நடந்துவிட்டு வந்து, பேப்பரை விரித்துக்கொண்டு, ஒரு டீ கிடைக்குமா என்று காஜாக்காவிடம் கேட்டார். அவள் நல்ல மரியாதையோடு சிரித்தாள். சோப்புத் தண்ணீர் நிறைந்த பேசினைக் கொண்டுவந்து அவர் இரண்டு கையிலும் கொடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பேப்பர் கீழே விழுந்தது.

“இதை எவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருக்கணும்?” என்று கேட்டார் அவர்.

“பிடிங்க சார், சொல்றேன்,” என்றாள் காஜாக்கா. துண்டை நனைத்துப் பிழிந்தாள். படுத்திருந்த அம்மாள் தலையைத் திருப்பிக் கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் உயரமாப் பிடிங்க,” என்றார்.